பச்சையிலிருந்து மூன்று கட்டம்

அந்த அக்கா கணினித் திரையைப் பார்க்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எல்லாம் மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிவோம். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார். பின்வரிசை நாற்காலியில் இடிக்கும்வரை போவார். பிறகு தலையைச் சாய்த்து, இடது கண்ணை மூடி, மொட்டை மாடியில் நின்று தூரத்தில் எதையோ தேடுகிறவர் போலப் பார்ப்பார். தெரியவில்லை என்றால் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவார். மறுபடி பார்ப்பார். அப்போதும் தெரியவில்லை என்றால், "தெரியல" என்று வாய்விட்டுச் சொல்லி, கீழே ஓரத்தில் இருக்கும் சாம்பல் நிறப் பொத்தானை அமுக்குவார்.

அந்தப் பொத்தானை எங்கள் அறையில் வேறு யாரும் தொடமாட்டோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், முன்பு நட்டு போல்ட்டு செய்துகொண்டிருந்த ஒரு ஷெட்டின் மாடியில் எங்கள் ஆபீஸ். பன்னிரண்டாவது படித்து, மௌஸ் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் ரோட்டுப் படங்களைக் கொடுத்து, எது கார், எது மாடு என்று சுற்றிக் கட்டம் போடச் சொன்னார்கள். கம்ப்யூட்டருக்கு நாங்கள்தான் மாட்டைக் காட்டிக்கொடுத்தோம். அப்புறம் ஒரு நாள் நிலா வந்தது.

ஐம்பது வருடத்துக்கு முன்னால் நிலாவுக்குப் போனவர்கள், அதிர்வு கேட்கிற கருவிகளை அங்கே தரையில் வைத்துவிட்டு வந்தார்களாம். அவை சில வருடங்கள் அனுப்பிய கோடுகள் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கோடுகளில் அலை எங்கே ஆரம்பிக்கிறது என்று நாங்கள் குறி வைக்க வேண்டும். நாங்கள் வைத்ததைப் பார்த்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, பாக்கி எல்லாவற்றுக்கும் அதுவே வைக்கும். வேலை கொடுத்தது ஏதோ வெளிநாட்டு ஆட்கள்.

சிவபெருமான் தலையில் சூடியிருப்பவருக்கு உள்ளே நடுக்கம் என்று கேட்டதும் எனக்கு முதல் நாள் கை ஓடவில்லை. வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் திருமழிசையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். "ஊர் உலகத்துல மனுஷனுக்கு ஈசிஜி எடுப்பாங்க. எங்க வீட்டம்மா நிலாவுக்கே எடுக்குது" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தார்.

வகுப்பு ஒரே ஒரு நாள், வீடியோவில். நிலாவுக்குள்ளே ஆழத்தில் பாறை நகரும்போது இரண்டு அலைகள் கிளம்பும். முதல் அலை முட்டித் தள்ளிக்கொண்டு வேகமாக வரும். எங்கள் வீடு அண்ணனூர் ரயில்வே ஷெட்டுக்குப் பக்கம். பெட்டியோடு பெட்டி கோக்கும்போது ஒரு கோடியில் இடித்தால் டொக்கு டொக்கென்று மறு கோடிவரை போகுமே, அதுதான் முதல் அலை என்று புரிந்துகொண்டேன். இரண்டாவது பக்கவாட்டில் உதறிக்கொண்டு மெதுவாக வரும். துவைத்த புடவையை ஆளுக்கொரு முனை பிடித்து உதறினால் ஓடுமே, அப்படி. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். உள்ளே எங்காவது பாறை உருகிக் குழம்பாக இருந்தால் முதல் அலை அதைத் தாண்டி வந்துவிடும், இரண்டாவது வராது. புடவையை உதறலாம், தண்ணீரை உதற முடியாதில்லையா? அதனால் இரண்டாவது அலை வராமல் போவதும் ஒரு சேதிதான். இதை நாங்கள் எல்லாரும் கேட்டோம். மனதில் வைத்துக்கொண்டது அந்த அக்கா மட்டும்தான்.

பூமியில் மண்ணிலும் பாறையிலும் ஈரம் இருப்பதால் அதிர்வு சீக்கிரம் அடங்கிவிடும். நிலா காய்ந்து வெடித்துக் கிடக்கிற இடம். அங்கே ஒரு தடவை அதிர்ந்தால், கோயில் மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்த மாதிரி, ஒரு மணி நேரம்கூட உள்ளே இரைந்துகொண்டே இருக்கும். அதனால் திரையில் கோடு நடுங்க ஆரம்பித்தால் நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். அந்த நடுக்கத்துக்குள் இரண்டாவது அலை எங்கே புகுந்தது என்று கண்டுபிடிப்பது சந்தைக் கூட்டத்தில் தம்பியைத் தேடுகிற மாதிரி. திரை முழுக்க வரைபடத்தாள் மாதிரி சின்னச் சின்னக் கட்டம் போட்டிருக்கும். முதல் அலைக்குப் பச்சைக் குறி, இரண்டாவதற்குச் சிவப்புக் குறி. தெரியாவிட்டால் சாம்பல் பொத்தான்.

அக்கா பூந்தமல்லிக்காரர். முஸ்லிம். நாற்பத்தைந்து வயது இருக்கும். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். பஸ் ஸ்டாப்பில் தூரத்தில் ஒரு பஸ் தெரிந்தால் நாங்கள் எல்லாம் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று பையைத் தூக்குவோம். அவர் நம்பர் கண்ணில் படும்வரை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கமாட்டார்.

என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பூந்தமல்லியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒரு பையன் ஜாதகம் வந்தது. கடை அக்கா தெருமுனையில்தான்.

"அக்கா, பையன் எப்படி? நல்ல குணமா?" என்று கேட்டேன்.

"காலைல எட்டு மணிக்குக் கடையைத் திறக்கிறான். அதைப் பார்த்திருக்கேன்."

"குடி கிடி ஏதாவது?"

"அவன் குடிச்சு நான் பார்க்கல. குடிக்காமயே இருக்கானான்னும் பார்க்கல."

"ஐயோ அக்கா, நாலு பேர் என்ன பேசிக்கிறாங்கன்னாவது சொல்லுங்களேன்!"

"நாலு பேர் பேசுறதை நாலு பேர்கிட்ட கேளு கண்ணு. என்கிட்ட கேட்டா நான் பார்த்ததுதான் வரும்."

வீட்டில் போய் இதைச் சொன்னால் மாமியார், "இப்படி ஒரு சாட்சி இருந்தா ஊர்ல ஒரு கல்யாணம் நடக்காது" என்றார். அந்தக் கல்யாணம் நடந்தது, நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதை அக்காவிடம் சொன்னபோதும், "அப்படியா, சந்தோஷம்" என்றாரே தவிர, நான் அப்பவே நினைச்சேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாமெல்லாம் சொல்லியிருப்போம்.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன், ஏன் அக்கா இப்படி என்று. அவர் டிபன் மூடியில் டீ ஊற்றிக் குடிப்பவர். ஊதிக்கொண்டே சொன்னார்.

அவருக்குப் பன்னிரண்டு வயதில், நோன்பு மாதக் கடைசியில், சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் பிறை பார்க்க மாடியில் ஏறியிருக்கிறார்கள். ஒரே மேகம். பெரியம்மா மகள், "அதோ, அதோ!" என்று கத்தியிருக்கிறாள். இவரும், "ஆமா, நானும் பார்த்தேன்" என்று கத்திவிட்டார். இரண்டு பிள்ளைகள் பார்த்தார்கள் என்றதும் வீட்டில் மருதாணி அரைத்தாகிவிட்டது, அவர் அத்தா, அதாவது அப்பா, கறி வாங்கி வந்துவிட்டார். பிறகு பள்ளிவாசலில் பிறை தெரியவில்லை, நாளைக்கும் நோன்பு என்று அறிவித்துவிட்டார்கள்.

"அத்தா அடிச்சிருந்தாக்கூட மறந்திருப்பேன். அடிக்கல. மருதாணிக் கையோட நின்னவளைக் கூப்பிட்டு, 'நீ பிறையைப் பார்த்தியா, இல்ல அவ பார்த்ததைப் பார்த்தியா?'ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். இன்னி வரைக்கும் அந்தக் கேள்வி போகல" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு அவர்மேல் பிரியம்தான் வந்தது. சங்கடம் பின்னால்தான் வந்தது.

எங்கள் வேலையில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கோடும் மூன்று பேருக்குப் போகும். மூன்று பேர் குறியும் ஒத்துப்போனால் மதிப்பெண் ஏறும். ஒருத்தர் மாறினாலும் மூன்று பேருக்கும் இறங்கும். எங்கள் மூன்று பேர் அக்கா, நான், ஆவடியிலிருந்து வரும் செல்வி. நாங்கள் இரண்டு பேரும் சிவப்பு வைத்திருப்போம், அக்கா சாம்பல் அமுக்கியிருப்பார். மதிப்பெண் இறங்கும்.

மற்ற மேஜைகளில் எப்படி எல்லாம் ஒத்துப்போகிறது என்று செல்விதான் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். அக்கா தொழுகைக்குப் போயிருந்த நேரம்.

"அக்கா, மேட்டர் தெரியுமா? எல்லாரும் பேசி வெச்சிகினு பண்றாங்க. பச்சையில இருந்து மூணு கட்டம் தள்ளி செவப்பு. அவ்ளோதான். கோட்டைப் பாக்கவே தேவயில்ல. மூணு பேரும் மூணு கட்டம்னா ஒத்துப் போயிக்கினே கீது!"

"தப்பில்லையாடி?"

"இன்னாக்கா நீ? நிலா இன்னா வந்து கேஸா போடப் போவுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அன்று மதியமே நான் மூன்று கட்டம் தள்ளி வைக்க ஆரம்பித்தேன். கண் வலி போயிற்று, கழுத்து வலி போயிற்று. ஆனால் மதிப்பெண் ஏறவில்லை. எங்கள் மேஜையில் இன்னும் ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தாரே.

டீம் லீடர் ஒரு சேலத்துப் பையன். கெட்டவன் இல்லை. அவனுக்கு மேலே ஒருவன், அவனுக்கு மேலே ஒருவன். நோன்பு மாதத்தில் ஒரு நாள் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"மேடம், இந்த மாசத்தோட ஒப்பந்தம் புதுப்பிக்கணும். உங்க மேஜையாலதான் கீழ நிக்கிறோம். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேன்."

"தம்பி, வீடியோல சொன்னாங்களே, உள்ள உருகியிருந்தா ரெண்டாவது அலை வராதுன்னு. வராத இடத்துல நான் சிவப்பு வெச்சா, உருகினதெல்லாம் கல்லுன்னு ஆயிடாதா?"

"அதை முடிவு பண்றது நம்ம வேலை இல்ல மேடம்."

"சரி. பார்க்கிறது நம்ம வேலைதானே?"

அக்கா நோன்பு வாயோடு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எங்களுக்கு அந்த வேலை முக்கியம். பிள்ளை படிப்பு அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, வீட்டில் கருமாரி அம்மன் படத்துக்கு முன்னால் நின்று பூ கேட்டேன். படத்தின் இரண்டு பக்கமும் ஈரப் பூ ஒட்டவைத்து, மனதில் இருப்பதைக் கேட்பது எங்கள் வழக்கம். வலதுபக்கப் பூ விழுந்தால் சரி என்று அர்த்தம். "தாயே, என் வேலை நிலைக்குமா?" என்று கண்ணை மூடிக் கேட்டேன். திறந்தபோது வலதுபக்கப் பூ கீழே கிடந்தது. அழுகையே வந்துவிட்டது.

ஆபீசுக்குப் போனதும் அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். சாமி விஷயத்தில் அவர் யாரையும் கேலி செய்யமாட்டார் என்று தெரியும். அமைதியாகக் கேட்டார். பிறகு, "விழுந்ததைப் பார்த்தியா கண்ணு, விழுந்து கிடந்ததைப் பார்த்தியா?" என்றார்.

எனக்கு அப்படி ஒரு கோபம். உங்க சாமிக்கு ஒரு மரியாதை, எங்க சாமிக்கு ஒரு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் எப்போதும் போல நோன்புக் கஞ்சி தூக்கில் எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை லீடர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டான். வேலை கொடுத்தவர்களிடமிருந்து கடிதம் வந்திருந்தது. இரண்டு பேர் சிவப்பும் ஒருவர் சாம்பலும் வைத்த கோடுகள் நிறைய இருக்கின்றன, சிவப்பு வைத்தவர்கள் உண்மையிலேயே அலையைப் பார்த்தார்களா என்று கேட்டிருந்தார்கள்.

லீடர் என்னைப் பார்த்தான். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் பார்த்துதானே வெச்சீங்க? 'பார்த்தோம்'னு நான் எழுதிடறேன். இவங்களுக்குக் கண்ணுல ஏதோ பிரச்சினைன்னு முடிச்சுக்கலாம். சொல்லுங்க, பார்த்தீங்கல்ல?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பார்த்தேன்" என்றேன்.

"நானுந்தான்" என்றாள் செல்வி.

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று லீடர் சொன்னபோது அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். டீ குடிக்கும் டிபனை எடுத்துப் பையில் போட்டார். போகும்போது என் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். அன்று நோன்பு இருபத்தொன்பது, பிறை தேடும் நாள் என்று எனக்குத் தெரியும். நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். சூரியன் அப்போதுதான் ஆவடிப் பக்கம் இறங்கியிருந்தது. அவரைப் போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒன்றுமில்லை. தொட்டிக் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். மறுபடி பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, நகம் வெட்டிப் போட்ட மாதிரி, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் பிறை இருந்தது.

யோசிக்காமல் போன் செய்துவிட்டேன்.

"அக்கா, பிறை தெரியுது."

"இங்க மெட்ரோ தூணும் மேகமுமா ஒண்ணும் தெரியல. உன் கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன் அக்கா. முகம் கழுவிட்டுப் பார்த்தேன்."

அந்தப் பக்கம் சிரித்தார். "உன் சாட்சி ஜமாஅத்துல செல்லாது கண்ணு. ஆனா எனக்குச் செல்லும். அல்ஹம்துலில்லாஹ்."

போனை வைத்துவிட்டு, துணியோடு மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வியாழக்கிழமை பொய் சொன்ன அதே வாய். பஸ் நம்பரைக்கூட அடுத்தவர் சொல்லி ஏற்காதவர், என் வார்த்தையை ஏற்றுக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அம்மன் பூவைப் பற்றிய நினைப்பு வந்தது. பூ விழுந்ததா, விழுந்து கிடந்ததா என்பதில்லை விஷயம். என் தாய் பூ கொடுத்தாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் "வேலை நிலைக்குமா?" என்றுதான் கேட்டேன். "செய்வது சரியா?" என்று கேட்கவில்லை. கேட்டால் எந்தப் பூ விழும் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

மறுநாள் பெருநாள். வெளிநாட்டு வேலை என்பதால் எங்களுக்கு லீவு கிடையாது. காலையில் அம்மனுக்கு விளக்கு ஏற்றினேன். பூ கேட்கவில்லை. நேராக லீடர் மேஜைக்குப் போனேன்.

"தம்பி, வியாழக்கிழமை நான் சொன்னது பொய். நான் ஒண்ணும் பார்க்கல. பச்சையில இருந்து மூணு கட்டம் எண்ணி வெச்சேன். எந்தெந்த நாள் வெச்சதுன்னு இந்தத் தாள்ல எழுதியிருக்கேன். அவங்களுக்கு அனுப்புங்க."

"அக்கா, என்ன பேசுறீங்கன்னு தெரியுதா? உங்க வேலை மட்டுமில்ல, மொத்த ஒப்பந்தமும் போயிடும்."

"போனா போகட்டும். அந்த கம்ப்யூட்டர் நம்மளைப் பார்த்துக் கத்துக்குதாமே. மூணு கட்டத்தையா கத்துக்கிட்டுப் போகணும்?"

செல்வி எழுந்து வந்தாள். "அண்ணாத்தே, என் பேரையும் சேத்துக்கோ. நான்தான் மொதல்ல சொன்னது. இந்த ரூம்ல பாதிப் பேரு அப்டித்தான் வெச்சிகினு கீறாங்க" என்றாள். லீடர் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் எழுதினான். தன் பெயரையும் சேர்த்து எழுதினான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் பதில் வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம், எல்லாக் கோடுகளையும் முதலிலிருந்து பாருங்கள், பிறகு முடிவு சொல்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். இன்னொரு வரியும் இருந்தது. சாம்பல் அமுக்கியவர் குறிகள் ஒன்றையும் மாற்றக் கூடாது என்று. லீடர் அதைப் படித்துவிட்டு, எங்கள் முன்னாலேயே அக்காவுக்குப் போன் போட்டான். "மேடம், பெருநாள் வாழ்த்து. நாளைக்கு வாங்க... தயவு பண்ணி."

புதன்கிழமை அக்கா வந்தார். கையில் ஒரு தூக்கு நிறைய சேமியா. நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

நான் முதல் கோட்டைத் திறந்தேன். பச்சை சுலபமாகக் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரே நடுக்கம். பார்த்தேன். தெரியவில்லை. இந்தத் தடவை தயங்கவில்லை, சாம்பல் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"இரு" என்றார் அக்கா. "எத்தனை தடவை பார்த்தே?"

"ஒரு தடவை."

"அப்ப அதுவும் பொய்தான். போ, முகம் கழுவிட்டு வா."

போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். செல்வியின் நாற்காலியில் இடித்தது. "இன்னாக்கா, நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள். தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடினேன். நடுக்கம் நடுக்கமாகவே இருந்தது. பிறகு ஓரிடத்தில், அதே நடுக்கத்துக்கு அடியில், ஈரப் புடவையை யாரோ தூரத்திலிருந்து மெல்ல உதறிய மாதிரி, கோடு அகலமாக அசைய ஆரம்பித்தது.

பச்சையிலிருந்து எண்ணினேன். பதினோரு கட்டம்.

"பார்த்தேன் அக்கா" என்றேன். சிவப்பை வைத்தேன்.